இரண்டு முறை வேலியாக நடப்பட்டவர்கள்: அமெரிக்காவின் ஸ்காட்ச்-ஐரிஷ் மக்கள்

ஸ்காட்ச்-ஐரிஷ் என்று கேட்டதும் அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அம்மா அயர்லாந்துக்காரர், அந்தக் கலப்பில் வந்த பிள்ளைகள் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளிலிருந்தும் இங்கிலாந்து எல்லையோரத்திலிருந்தும் கடல் தாண்டி வந்து அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் குடியேறி, இரண்டு மூன்று தலைமுறை அங்கே காலூன்றிவிட்டு, 18-ஆம் நூற்றாண்டில் மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் இவர்கள். பெரும்பாலும் பிரஸ்பிட்டீரியன் கிறிஸ்தவர்கள். பிஷப் கிடையாது, மூப்பர்களே கூடி நடத்தும் சபை.

அமெரிக்காவில் துப்பாக்கிப் பிரியம், வரி என்றால் கோபம், தலைநகரத்து ஆட்கள் மேல் சந்தேகம், மலைநாட்டு இசை, ஆவேசப் பிரசங்கம் என்று எதை எடுத்தாலும் 'அது ஸ்காட்ச்-ஐரிஷ் ரத்தம்' என்று சொல்லும் ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு இந்த ரத்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. இவர்களை யார், எந்த இடத்தில், எதற்காகக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று பார்த்தாலே பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

1607-இல் அல்ஸ்டரின் பெரிய கேலிக் பிரபுக்களான ஓநீலும் ஓடானலும் தங்கள் கூட்டத்தோடு ஐரோப்பாவுக்குத் தப்பிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தை இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் பறிமுதல் செய்தார். ஸ்காட்லாந்துக்கும் அவரே அரசர். கலகம் ஓயாத அந்த மண்ணில் தனக்கு விசுவாசமான புராட்டஸ்டன்ட் குடிகளை நட்டுவைத்தால் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் அடங்கிக் கிடப்பார்கள் என்பது கணக்கு. நட்டுவைத்தால் என்று நான் உவமைக்காகச் சொல்லவில்லை, அந்தத் திட்டத்தின் பெயரே 'அல்ஸ்டர் பிளான்டேஷன்'தான். ஆறு மாவட்டங்களில் 1609-க்குப் பிறகு அது ஆரம்பித்தது. ஆன்ட்ரிம், டவுன் என்ற இரண்டு கிழக்கு மாவட்டங்களில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தனியார் முயற்சியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

வேலி என்றால் முதல் அடி அதன்மேல்தானே விழும். 1641-இல் நிலம் இழந்த ஐரிஷ் மக்கள் கிளர்ந்தபோது இந்தக் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், பதிலடியில் கத்தோலிக்கர்களும் செத்தார்கள். 1689-இல் கத்தோலிக்க அரசரான இரண்டாம் ஜேம்ஸின் படை டெரி நகரை 105 நாள் முற்றுகை போட்டது. உள்ளே பசியும் நோயுமாகக் கிடந்தும் நகரத்தார் கதவைத் திறக்கவில்லை. பிரஸ்பிட்டீரியன்களும், அரசின் அதிகாரபூர்வச் சபையான ஆங்கிலிக்கன் சபையாரும் தோளோடு தோள் நின்ற நாட்கள் அவை. புராட்டஸ்டன்ட் அரசர் மூன்றாம் வில்லியம் ஜெயித்தார்.

சரி, அதற்குக் கூலி என்ன கிடைத்தது? 1704-இல் வந்த சட்டப்படி, ஆங்கிலிக்கன் முறையில் திருவிருந்து எடுக்காதவர் யாரும் அரசாங்கப் பதவியிலோ நகராட்சிப் பதவியிலோ இருக்க முடியாது. டெரியைக் காத்தவர்கள் டெரி நகர சபையிலேயே உட்கார முடியாமல் போனார்கள். அவர்களுடைய போதகர் நடத்திவைத்த கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை என்று திருச்சபை நீதிமன்றங்கள் சொல்லின, அதாவது பிறந்த பிள்ளைகளுக்கு அப்பன் பெயர் செல்லாது. தங்கள் போதகருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, தாங்கள் கால்வைக்காத ஆங்கிலிக்கன் சபைக்கும் தசமபாகம் கட்ட வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு இதைவிடக் கொடுமையான சட்டங்கள் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் நிலைமை மோசம் என்பதால் யாருக்கும் தன் வலி குறைந்துவிடுவதில்லை.

இருந்தும் மதம் மட்டுமே காரணமென்று சொன்னால் அது கொஞ்சம் புனிதப்படுத்திய வரலாறு. வயிறுதான் பெரிய காரணம். 1690-களில், போரில் பாழான அல்ஸ்டருக்கு ஆள் வேண்டுமென்று நிலக்கிழார்கள் மலிவான குத்தகைக்கு நீண்ட காலத்துக்கு நிலத்தை விட்டார்கள், ஸ்காட்லாந்தில் அப்போது பஞ்சம் என்பதால் பல்லாயிரம் பேர் வந்து எடுத்தார்கள். 1717, 1718 வாக்கில் அந்தக் குத்தகைகள் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. காட்டைத் திருத்தி, வடிகால் வெட்டி, வீடு கட்டி வைத்திருந்தவனிடமே வந்து, அவன் உழைப்பால் ஏறிய மதிப்புக்கு அவனிடமே கூடுதல் குத்தகை கேட்டார்கள். தர முடியாவிட்டால் அதிகம் கேட்கிறவனுக்கு நிலம் போகும். அதே சமயத்தில் தொடர்ந்து சில ஆண்டுகள் மழையும் பொய்த்தது.

அமெரிக்காவுக்குப் போகலாம் என்று நினைத்தால் போதுமா, கப்பல் வேண்டுமே. இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம் இருக்கிறது, ஆளி விதை. இன்று நாம் பொடி செய்து தயிரில் கலந்து சாப்பிடும் அதே ஆளி விதைதான். ஆளிச்செடியின் தண்டு நாரில் நெய்வதுதான் லினன் துணி, அல்ஸ்டரின் பிழைப்பே அதில் இருந்தது. மெல்லிய நூல் வேண்டுமென்றால் விதை முற்றுவதற்கு முன்பே செடியைப் பிடுங்கிவிட வேண்டும், அப்படிப் பிடுங்கினால் அடுத்த வருடம் விதைக்க விதை இருக்காது. ஆகவே வருடா வருடம் விதையை வெளியிலிருந்து வாங்கினார்கள். 1731-இல் அமெரிக்கக் காலனிகளிலிருந்து இதை நேராக அயர்லாந்துக்குக் கொண்டுவர அனுமதி கிடைத்ததும், பிலடெல்பியாவிலிருந்து விதை மூட்டைகளோடு கப்பல்கள் டெரிக்கும் நியூரிக்கும் பெல்பாஸ்டுக்கும் வரத் தொடங்கின. திரும்பிப் போகும்போது அதே அளவுக்குச் சரக்கு கிடைக்காது. காலியாகக் கிடக்கும் அடித்தளத்தில் ஆட்களை ஏற்றினால் லாபம். கப்பல் முகவர்கள் சந்தைக்குச் சந்தை போய் அமெரிக்காவின் அருமை பெருமைகளைச் சொல்லி ஆள் பிடித்தார்கள். கையில் பணமில்லாதவர்கள் நான்கு வருடம், ஐந்து வருடம் வேலை செய்து கழிப்பதாக எழுதிக்கொடுத்து ஒப்பந்தக் கூலியாகப் போனார்கள். மொத்தத்தில் 1717-இலிருந்து அமெரிக்கப் புரட்சி தொடங்கிய 1775 வரை போனவர்கள் குறைந்தது 1 லட்சம், அதிகபட்சம் 2.5 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

1718-இல் முதலில் பெருங்கூட்டமாகப் போனவர்கள் பாஸ்டனில் இறங்கினார்கள். தங்களைப் போலவே கால்வினிசக் கிறிஸ்தவர்கள், அன்போடு வரவேற்பார்கள் என்று நினைத்திருக்கலாம். பாஸ்டன் பியூரிட்டன்களுக்கு இவர்கள் கஞ்சிக்கு வழியில்லாத ஐரிஷ்காரர்கள், அவ்வளவுதான். ஒரு பகுதியினர் வடக்கே நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் ஊர் அமைத்து, அதற்கு லண்டன்டெரி என்று பெயர் வைத்தார்கள். வட அமெரிக்காவில் முதன்முதலில் உருளைக்கிழங்கு பயிரிட்டது அங்கேதான் என்று அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள்.

பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் பென்சில்வேனியாவைத் தேர்ந்தெடுத்தார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறுவிய காலனி, எந்தச் சபையாருக்கும் தடையில்லை. அதன் நிலங்களைக் கவனித்துவந்த செயலாளர் ஜேம்ஸ் லோகனும் அல்ஸ்டரில், லர்கன் என்ற ஊரில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான், ஆனால் குவேக்கர். அவர் 1720 வாக்கில் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் இவர்களுக்கு இடம் ஒதுக்கினார், டோனகால் என்று அதற்குப் பெயர். ஏன் ஒதுக்கினேன் என்பதையும் பின்னால் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: வடக்கிலிருந்து பூர்வகுடிகளால் தொந்தரவு வரலாம் என்று பயம் இருந்தது, முன்பு டெரியையும் எனிஸ்கில்லனையும் அவ்வளவு தைரியமாகக் காத்த ஆட்களைப் போன்றவர்களை எல்லையில் வைப்பது புத்திசாலித்தனம் என்று பட்டது. ஜேம்ஸ் அரசர் போட்ட அதே கணக்கு, நூறு வருடம் கழித்து, இன்னொரு கண்டத்தில்.

பத்தே வருடத்தில் லோகன் தலையில் அடித்துக்கொண்டார். வட அயர்லாந்திலிருந்து வந்த ஐந்து குடும்பங்கள் மற்றவர்களில் ஐம்பது குடும்பங்கள் தரும் தொல்லையைவிட அதிகம் தருகின்றன என்று 1730-இல் எழுதினார். காலனியின் உரிமையாளர்களான பென் குடும்பத்தார் தங்களுக்கென்று ஒதுக்கியிருந்த கொனஸ்டோகா நிலத்தில் பட்டா எதுவும் இல்லாமல் இவர்கள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டதற்கு, இத்தனை கிறிஸ்தவர்கள் உழைத்துச் சாப்பிட நிலமில்லாமல் தவிக்கும்போது இவ்வளவு பூமி சும்மா கிடப்பது கடவுளின் சட்டத்துக்கும் இயற்கையின் சட்டத்துக்கும் விரோதம் என்றார்களாம். உழுகிறவனுக்கே நிலம் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை, அதில் வேட்டையாடியும் சோளம் விதைத்தும் வாழ்ந்த மக்கள் இருந்தார்கள் என்பதுதான் அதில் விடுபட்டது. இவர்களைக் குறை சொன்ன லோகனும் யோக்கியரில்லை. 1737-இல் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒன்றரை நாளில் மனிதன் நடந்து கடக்கும் தூரம் என்று ஒப்பந்தம் பேசி, தயார் செய்த பாதையில் வேகமான ஆட்களை விட்டு ஓடவைத்து, டெலவேர் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பெரும் நிலப்பரப்பைச் சுருட்டிய காரியத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஏழை குடிசை போட்டுப் பிடித்தான், பணக்காரர் பத்திரம் போட்டுப் பிடித்தார்.

பென்சில்வேனியாவில் நல்ல நிலம் விலை ஏறியதும் இவர்கள் தெற்கே திரும்பினார்கள். பிலடெல்பியாவில் தொடங்கி, லங்காஸ்டர் வழியாக, வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் இறங்கி, வட, தென் கரோலினாக்கள் வரை போகும் அந்த மாட்டுவண்டிப் பாதையைப் பெரிய வண்டிச் சாலை என்பார்கள். ஜெர்மானியக் குடும்பங்களும் அதே சாலையில் போயின, கட்டையடுக்கி வீடு கட்டும் வித்தையை அவர்களிடமும் சுவீடன்காரர்களிடமும் கற்றுக்கொண்டார்கள். வர்ஜீனியா ஆளுநர் கூச், ஆங்கிலிக்கன் சபைதான் அதிகாரபூர்வச் சபை என்றிருந்த தன் காலனியில், மலைக்கு அந்தப் பக்கம் குடியேறும் பிரஸ்பிட்டீரியன்களுக்கு 1738-இல் வழிபாட்டுச் சலுகை தந்தார். பெருந்தன்மையெல்லாம் கிடையாது. கடற்கரைப் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடுவில் யாராவது இருக்க வேண்டுமே.

1763 டிசம்பரில் பென்சில்வேனியாவில் நடந்ததைத் தாண்டிப் போக முடியாது. அதற்கு முந்தைய எட்டு வருடங்களாக எல்லைப்புறத்தில் பூர்வகுடிகளுக்கும் குடியேறிகளுக்கும் இடையே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, பண்ணைகள் எரிந்தன, குடும்பங்கள் கடத்தப்பட்டன. கிழக்கில் பாதுகாப்பாக இருந்த சட்டசபை படைக்குப் பணம் ஒதுக்கத் தயங்கியது. அதில் கிழக்கு மாவட்டங்கள் மூன்றுக்கும் பிலடெல்பியா நகரத்துக்கும் சேர்த்து 26 இடங்கள், மேற்கின் ஐந்து மாவட்டங்களுக்கும் சேர்த்து வெறும் 10. இந்தக் கோபம் நியாயமானது. அது போய் விழுந்த இடம்தான் கொடூரம். பாக்ஸ்டன் பகுதி ஸ்காட்ச்-ஐரிஷ் ஆட்கள் கொனஸ்டோகாவில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த சிறு பூர்வகுடிக் குழுவின் மேல் பாய்ந்து, டிசம்பர் 14-ஆம் தேதி கையில் சிக்கிய ஆறு பேரைக் கொன்றார்கள். மீதி இருந்த 14 பேரை அதிகாரிகள் லங்காஸ்டர் நகரக் காவல் விடுதியில் பாதுகாப்பாக வைத்தார்கள். 27-ஆம் தேதி அங்கேயும் புகுந்து, குழந்தைகள் உட்பட அத்தனை பேரையும் வெட்டிப் போட்டார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை. பெஞ்சமின் பிராங்கிளின் கொதித்துப்போய் எழுதினார்: முகத்தில் புள்ளியும் செம்பட்டைத் தலையும் உள்ள ஒருவன் என் மனைவியையோ பிள்ளையையோ கொன்றால், செம்பட்டைத் தலைக்காரர்கள் எல்லோரையும் நான் கொல்லலாமா? அல்ஸ்டர்க்காரர்களின் தோற்றத்தைக் குத்திக்காட்டவே அந்த உதாரணத்தை எடுத்தார் என்று நினைக்கிறேன். அடுத்த பிப்ரவரியில் இந்தக் கும்பல் பிலடெல்பியாவை நோக்கியே கிளம்பியது, பிராங்கிளின் உள்ளிட்டவர்கள் ஊருக்கு வெளியே மறித்துப் பேசித் திருப்பி அனுப்பினார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளில் புரட்சி. பென்சில்வேனியாவில் இவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு எதிராக நின்றார்கள், பழைய கணக்கு பாக்கி இருந்தது. பிரிட்டன் பக்கம் கூலிக்குச் சண்டைபோட வந்த ஒரு ஜெர்மன் அதிகாரி 1778-இல், இதை அமெரிக்கப் புரட்சி என்று சொல்லாதீர்கள், இது ஐரிஷ்-ஸ்காட்ச் பிரஸ்பிட்டீரியன் கலகம் என்றே ஊருக்குக் கடிதம் எழுதினார். கொஞ்சம் மிகை. கரோலினா உள்நாட்டில் நிலைமை வேறு, அங்கே கடற்கரைப் பணக்காரர்கள்தான் புரட்சி பேசினார்கள், அவர்கள்மேல் இருந்த வெறுப்பில் பலர் அரசர் பக்கம் போனார்கள் அல்லது ஒதுங்கி நின்றார்கள். 1780 அக்டோபர் 7-ஆம் தேதி கிங்ஸ் மவுன்டனில் மலைக்கு அப்பாலிருந்து வந்த வேட்டைத்துப்பாக்கி ஆட்கள் ஒரு மணி நேரத்தில் பிரிட்டன் பக்கத்து மேஜர் பெர்குசனின் படையை ஒழித்துக்கட்டிய கதையை இவர்களின் பெருமையாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் எதிர்ப்பக்கம் நின்றவர்களும் ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்கர்களே, அவர்களுக்குத் தலைமை தாங்கிச் செத்த பெர்குசன் ஸ்காட்லாந்துக்காரர்.

சுதந்திரம் வந்ததும் அடுத்த தகராறு விஸ்கியில். மேற்குப் பென்சில்வேனியாவில் விளைந்த தானியத்தை மலை தாண்டிக் குதிரையில் ஏற்றிச் சென்று விற்றால் கூலிக்கே கட்டாது. காய்ச்சிப் பீப்பாயில் அடைத்தால் ஒரே குதிரை பல மடங்கு மதிப்பைச் சுமக்கும். பணப்புழக்கமே இல்லாத அந்தப் பக்கம் விஸ்கிதான் பணம், கூலியும் அதில்தான், சில இடங்களில் போதகரின் சம்பளமும் அதில்தான். 1791-இல் நிதியமைச்சர் ஹாமில்டன் அதன்மேல் கலால் வரி போட்டார், ரொக்கமாகக் கட்ட வேண்டும், சிறிதாகக் காய்ச்சுகிறவனுக்குப் பெரிய ஆலைக்காரரைவிடப் பாரம் அதிகம், வழக்கு என்றால் பிலடெல்பியாவுக்கு வர வேண்டும். வரி அதிகாரிகளுக்குத் தார் பூசி இறகு ஒட்டினார்கள். 1794-இல் வரி ஆய்வாளரான ஜெனரல் நெவிலின் மாளிகையைக் கொளுத்தினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனே சுமார் 13,000 பேர் கொண்ட படையோடு கிளம்பினார். படை போய்ச் சேரும்போது எதிர்க்க ஆளில்லை. இரண்டு பேருக்குத் தேசத்துரோகத் தண்டனை, அவர்களுக்கும் மன்னிப்பு. ஜெபர்சன் அதிபரானபின் 1802-இல் அந்த வரியே போய்விட்டது.

இந்த எல்லைப்புறம் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தது ஆண்ட்ரூ ஜாக்சன் உருவத்தில். அவருடைய பெற்றோர் 1765-இல் அல்ஸ்டரின் கேரிக்பெர்கஸிலிருந்து வந்தவர்கள், கரோலினாவின் வாக்ஸ்ஹா குடியிருப்பில் 1767-இல் அவர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே அப்பா இறந்துவிட்டார். சாமானியனின் தலைவர், வங்கிக்காரர்களின் எதிரி, சண்டைக்கோழி. அதே ஆள் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின அடிமைகளை வைத்திருந்தவர், 1830-இல் பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். அவர் பதவி விட்டபின் 1838-இல் செரோக்கி மக்களைப் படை வைத்துத் துரத்தியபோது வழியிலும் முகாம்களிலும் செத்தவர்கள் சுமார் 4,000 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வேலியாக நின்றவர்கள் கையிலேயே ஆட்சி வந்தபோது வேலியைத் தள்ளித் தள்ளி நட்டார்கள். இந்த வம்சாவளியில் வந்த அதிபர்களின் நீளமான பட்டியல் ஒன்றை வட அயர்லாந்தின் சுற்றுலாத் துறையினர் பெருமையாகச் சொல்வார்கள், அதில் ஜாக்சன் பெயர் முதல் வரிசையில் இருக்கும், செரோக்கி விஷயம் இருக்காது.

மதத்தில் இவர்கள் விட்டுச்சென்றது இன்னும் ஆழமானது. ஸ்காட்லாந்திலும் அல்ஸ்டரிலும் திருவிருந்தை ஒட்டிப் பல நாள் வெட்டவெளியில் கூடிப் பிரசங்கம் கேட்கும் வழக்கம் இருந்தது. நம் ஊர்க் கன்வென்ஷன் கூட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1801 ஆகஸ்டில் கென்டக்கியின் கேன் ரிட்ஜில் அப்படியொரு திருவிருந்துக் கூட்டத்துக்கு 10,000-க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள், கதறினார்கள், மயங்கி விழுந்தார்கள், பிரசங்கிகள் வண்டிமேல் ஏறி நின்று முழங்கினார்கள். அமெரிக்க எழுப்புதல் கூட்டங்களின் தாய் அதுதான். வேடிக்கை என்னவென்றால் பலன் முழுக்கப் பாப்டிஸ்டுகளுக்கும் மெதடிஸ்டுகளுக்கும் போனது. பிரஸ்பிட்டீரியன் போதகர் ஆக வேண்டுமென்றால் லத்தீனும் கிரேக்கமும் படிக்க வேண்டும், அதற்குள் மெதடிஸ்ட் பிரசங்கி குதிரையில் நாலு மலை தாண்டிப் போயிருப்பார். அந்தப் படிப்புப் பிடிவாதம் வீணாகவில்லை, அயர்லாந்திலிருந்து வந்த வில்லியம் டென்னன்ட் பென்சில்வேனியாவில் மரக்கட்டைக் கொட்டகையில் நடத்திய பள்ளியின் வழியில் வந்தவர்கள்தான் பின்னால் பிரின்ஸ்டன் ஆன கல்லூரிக்கும் தூணாக நின்றார்கள். (கல்வி, மதம், அல்ஸ்டர் என்றதும் நமக்கு நினைவு வர வேண்டியவர் ஒருவர் உண்டு. இடையன்குடி கால்டுவெல் 1814-இல் பிறந்தது ஆன்ட்ரிம் மாவட்டத்தின் கிளாடியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு. அவர் குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது, அமெரிக்காவுக்குப் போகவில்லை. நல்லவேளை.)

பேச்சிலும் தடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான், அந்தக் குறையை பிட்ஸ்பர்க் மக்கள் 'யின்ஸ்' என்று ஒரு சொல்லால் தீர்த்துக்கொள்கிறார்கள், அது அல்ஸ்டரிலிருந்து வந்தது. வீட்டை ஒதுங்கவைப்பதற்கு 'ரெட் அப்' என்பார்கள். 'கார் நீட்ஸ் வாஷ்ட்' என்று நடுவில் இரண்டு சொல்லை விழுங்கிப் பேசுவதும் அதே வழியில் வந்ததுதான். இசையில் பிடிலும் பல கதைப்பாடல்களும் கடல் தாண்டி வந்தவை. ஆனால் அப்பலாச்சிய மலைநாட்டு இசை மொத்தமும் இவர்கள் சொத்து என்றால் ஒப்ப முடியாது, பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவந்தது, மடியில் வைத்து மீட்டும் டல்சிமர் ஜெர்மானியர் வழியில் வந்தது.

அப்புறம் அந்த ரத்த விளக்கம். ஸ்காட்லாந்து எல்லையில் ஆடுமாடு மேய்த்த சமூகம், மந்தையைத் திருட வருகிறவனை அடித்தால்தான் பிழைக்க முடியும், அதனால் மானம் ரோஷம் அதிகம், அதுவே அமெரிக்கத் தெற்குக்கும் வந்தது என்று ஒரு வாதம். 1990-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைத் தாழ்வாரத்தில் வேண்டுமென்றே இடித்துத் திட்டிப் பார்த்தார்கள், தெற்கத்திய மாணவர்களுக்கு ஹார்மோன் கூடுதலாக எகிறியது. சுவாரசியமான சோதனைதான். ஆனால் அல்ஸ்டரிலிருந்து கப்பலேறியவர்கள் மேய்ப்பர்களில்லை, பெரும்பாலும் உழவர்களும் தறிக்காரர்களும். குடித்தாலும் சண்டை போட்டாலும் மூப்பர் சபை முன் நிறுத்திக் கண்டித்த சமூகம் அது. சட்டம் எட்டாத எல்லையில், நிலத்துக்குப் பட்டா இல்லாமல், மேலே உள்ளவர்களுக்குத் தேவைப்பட்டபோது மட்டும் நினைவுக்கு வந்த மக்களாக இரண்டு நூற்றாண்டு இருந்தால், யாருக்கும் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை வராது.

இவ்வளவு பெருமையும் வசையும் சுமக்கும் அந்தப் பெயரை அவர்களே பெரிதாகப் பயன்படுத்தவில்லை. 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவர்கள் 'ஐரிஷ்', அவ்வளவுதான். 1845-க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் வந்து இறங்கியதும், நாங்கள் அந்த ஐரிஷ் இல்லை என்று காட்டிக்கொள்ள 'ஸ்காட்ச்-ஐரிஷ்' தேவைப்பட்டது. 1889-இல் டென்னசி மாநிலத்தில் மாநாடு கூட்டிச் சங்கமே வைத்தார்கள். இன்று 2024 தேர்தலில் துணை அதிபரான ஜே.டி.வான்ஸ் போன்றவர்கள் அந்த அடையாளத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டவர்கள் சுமார் 43 லட்சம் பேர்தான். அதே படிவத்தில், உங்கள் பூர்வீகம் எது என்ற கேள்விக்கு வெறுமனே 'அமெரிக்கன்' என்று எழுதியவர்கள் 2 கோடிக்கும் மேல். எல்லோரும் இந்த வம்சமில்லை. ஆனால் அப்படி எழுதியவர்கள் எங்கே அடர்த்தியாக இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் பார்த்தால், மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி என்று அந்தப் பழைய வண்டிச் சாலையிலிருந்து மலை ஏறிப்போன வழியில்தான் நிறம் கறுத்திருக்கிறது.